கண்டிராக்டுக் கூலியும் சேமநிதியும்

“கண்டிராக்டு ஆளுக்குச் சேமநிதி கிடையாது” என்றதொரு பேச்சு நமது மலாக்காத் தோட்டங்களில் நெடுங்காலமாக உலவி வருகின்றது. மூன்று மாதத்துக்கென்றும் ஆறு மாதத்துக்கென்றும் எடுக்கப்படும் ஆட்கள், நிரந்தரமாகும் வரையில் தங்களுக்கு அந்தப் பாத்தியதை இல்லையென்றே நம்பி வருகின்றனர். இது சட்டமா, கட்டுக்கதையா என்பதைச் சரித்திர வாயிலாகச் சிறிது ஆராய்வோம்.

இம்மாநிலத்துப் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் என்பவர் 1896-ஆம் வருஷத்தில் ரப்பர் பயிரிட்டதே, மலாயாவில் அது வியாபாரப் பயிரானதற்குத் தொடக்கமாகும். அதன்பின் எழுந்த தோட்டங்களில் பால் வெட்டத் தமிழர் கப்பலேறி வந்தனர். 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டது. முதலாளிமார் செலுத்திய வரியைக் கொண்டு ஆட்களைத் தருவிப்பதும், உழைக்க மாட்டாதவர்களை ஊருக்குத் திருப்பியனுப்புவதும் அந்நிதியின் காரியங்கள். ஆகவே, முப்பது வருஷம் பால் வெட்டியவனுக்கு முதுமையில் கண்ட பலன் நாகப்பட்டினத்துக்கு ஒரு கப்பல் டிக்கட்டு! 1930 முதல் 1932 வரை ரப்பர் விலை வீழ்ந்து கிடந்தபோது, முதுமையடையாதவர்களும் பல்லாயிரக் கணக்கில் அவ்வாறே அனுப்பப்பட்டனர்.

பென்ஷன் என்பது ஒரே இடத்தில் நெடுங்காலம் உத்தியோகம் பார்த்தவர்க்கு உரியது. கங்காணியோடு தோட்டம் மாறித் திரிந்த கூலிக்கு அது எட்டாக் கனி. இந்நிலையில்தான் 1951 அக்டோபர் 1-ஆம் தேதி ஊழியர் சேமநிதி தோன்றியது. தொழிலாளி சம்பளத்தில் நூற்றுக்கு 5, முதலாளி நூற்றுக்கு 5 என்பது அன்றைய விகிதம். இக்கணக்கு தோட்டத்தின் பேரில் இருப்பதன்று. ஆளின் பேரில் இருப்பது. ஜாசினில் மூன்று மாதமும் அலோர் காஜாவில் ஆறு மாதமும் உழைத்தாலும் பணம் ஒரே கணக்கில் சேரும். இடம் மாறுகிறவனுக்கே மிகவும் ஏற்ற இவ்வேற்பாட்டிலிருந்து அவனையே விலக்கி வைப்பது எவ்வளவு விபரீதம்!

இப்போது நடைமுறையிலுள்ள 1991-ஆம் வருஷத்துச் சட்டம், வேலை ஒப்பந்தம் எழுத்தில் இருந்தாலும் வாய்மொழியாக இருந்தாலும் செல்லும் என்கின்றது. இத்தனை மாதம் உழைத்த பிறகே என்ற நிபந்தனை அதில் இல்லை. கண்டிராக்டர் தம் கீழ் ஆள் வைத்து வேலை வாங்கினால் அவரே முதலாளி. தமது பங்கை ஆளின் சம்பளத்தில் பிடிக்க அவருக்கு அதிகாரமில்லை. கட்டத் தவறினால் 3 வருஷம் வரை சிறை, அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டுமே.

கணக்கையும் பார்ப்போம். அறுபது வயதுக்குட்பட்ட பிரஜை ஒருவர் மாதம் 1,700 ரிங்கிட் வாங்கினால், அவர் பங்கு நூற்றுக்கு 11, அதாவது 187 ரிங்கிட். முதலாளி பங்கு நூற்றுக்கு 13, அதாவது 221 ரிங்கிட். மூன்று மாதத்தில் 1,224 ரிங்கிட் சேரும். வருஷத்தில் ஆறு மாதமே வேலை கிடைத்தாலும் பத்து வருஷத்தில் 24,480 ரிங்கிட். இலாபப் பங்கு வேறு.

இதில் கிராணிமாராகிய நமது குற்றமும் உண்டு. இங்கிலீஷ் பள்ளியில் படித்துச் செக்ரோல் எழுதுகின்ற நாம், சட்டத்தில் உள்ளதை லயத்து மக்களுக்குத் தமிழில் சொன்னோமா? பல கண்டிராக்டர்களின் கீழ்ப் புல் வெட்டி மூப்படைந்த அம்மாள் ஒருவர், ஒரு நாள் தமது அடையாளக் கார்டை நம்மிடம் நீட்டி, “எம்பேர்ல எவ்வளவு இருக்குங்க, கிராணி ஐயா?” என்று வினவினார். விசாரித்ததில், இருபது வருஷ உழைப்புக்கு நான்கு வருஷத்துப் பணமே இருந்தது. ‘பிடித்தம் வேண்டாம், முழுச் சம்பளமும் கையில் வாங்கிக்கொள்’ என்று கண்டிராக்டர்கள் சொன்னதை அவர் இலாபமென்று எண்ணியிருந்தார். கையில் வாங்கிய தம் பங்கைவிட, வாராமற்போன முதலாளி பங்கே பெரிதென்று அதுவரை எவரும் அவருக்குச் சொன்னதில்லை. நாமும் சொல்லவில்லை.

2025 அக்டோபர் மாதச் சம்பளம் முதல், வீட்டு வேலையாட்கள் நீங்கலாக, வெளிநாட்டுத் தொழிலாளர்க்கும் இரு தரப்பிலும் நூற்றுக்கு 2 கட்டவேண்டுமென்று விதியாகிவிட்டது. தவணைக்கு வந்து போகின்ற அவர்களுக்கே உண்டென்றால், தலைமுறை தலைமுறையாக இம்மண்ணில் உழைத்தவர்க்கு இல்லையென்பது எந்த நியாயம்?

ஆகவே, கண்டிராக்டு ஆட்கள் முதல் மாதச் சம்பளச் சீட்டிலேயே சேமநிதி கட்டப்பட்டிருக்கின்றதா என்று பார்க்கவேண்டும். இல்லையெனில் கண்டிராக்டரைக் கேட்கவேண்டும். பிறகும் இல்லையெனில் சேமநிதி வாரியத்தில் புகார் கொடுக்கவேண்டும். வாசிக்கத் தெரியாதவர்க்கு அச்சீட்டை வாசித்துச் சொல்வது நம்மைப் போன்ற கிராணிமாரின் கடமை.