இடம் பெயர்ந்த கோயிலும் இணங்காத வரைபடமும்

சென்னை ஜார்ஜ் டவுனை ஆராய்வோர் முதலில் எடுப்பது ஆளுநர் தாமஸ் பிட்டின் ஆணைப்படி அளந்து, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரைந்த வரைபடத்தை. அதைக் கணினியில் ஏற்றி இன்றைய செயற்கைக்கோள் படத்தின்மேல் பொருத்த, இரண்டிலும் மாறாத சில இடங்கள் வேண்டும். புனித ஜார்ஜ் கோட்டைக்குள் 1680இல் திறக்கப்பட்ட புனித மேரி ஆலயம் அத்தகையது. வெளியே வந்ததும் கண் கோயில்களைத் தேடும். ஊர் எப்படி மாறினாலும் மூலவர் நகரமாட்டார் அல்லவா?

இங்கே மூலவரே நகர்ந்திருக்கிறார். உள்ளூர் மக்கள் வாழ்ந்த பழைய கறுப்பர் நகரம் கோட்டையை ஒட்டி, இன்றைய உயர் நீதிமன்றப் பக்கம் இருந்தது. சென்னகேசவப் பெருமாள் கோயிலும் அங்கேதான். 1746இல் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் மதிலோர வீடுகளை இடித்தார்கள். கோட்டை தங்கள் கைக்குத் திரும்பிய பின் ஆங்கிலேயக் கும்பினியார் மிச்சத்தையும் படிப்படியாக இடித்தார்கள். பீரங்கிக்கு மறைப்பில்லாத வெளி வேண்டுமாம்! 1757இல் கோயிலும் போயிற்று. பின்னர் மணலி முத்துகிருஷ்ண முதலியாரின் முயற்சியால் தேவராஜ முதலி தெருவில் எழுந்ததே இன்றைய பட்டணம் கோயில்.

இதை அறியாமல் கோயிலின் பழைய இடத்தையும் புதிய இடத்தையும் ஒரே புள்ளியாகக் கொடுத்தால், மென்பொருள் எல்லாப் புள்ளிகளுக்கும் சமரசம் தேடித் தெருக்களை இழுத்துக் கோணலாக்கிவிடும். ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு விலகி நிற்கிறது என்ற பிழைக் கணக்கையும் தரும். விலகல் பெரிதென்று அந்தப் புள்ளியை அழித்துவிட்டு மேலே போவார்கள் பலர். வரலாற்றாசிரியர் நின்று பார்க்க வேண்டிய இடம் அதுதான்: நகரம் எங்கே பிடுங்கி நடப்பட்டது என்பதை அந்த எண்ணே சொல்கிறது.

கட்டடம் கூடாத அந்த வெளிக்கு எல்லையாக 1773இல் நட்ட 6 தூண்களில் ஒன்று பாரிமுனையில், டேர் ஹவுஸில் இன்னும் நிற்கிறது. அதற்கு வடக்கே முத்தியால்பேட்டையும் பெத்துநாயக்கன்பேட்டையும் பிட் வரைபடத்திலேயே புறநகர்களாக உண்டு. ஆகவே புதிய கறுப்பர் நகரம் வெறுமண்ணில் முளைத்ததன்று. இருந்த பேட்டைகள் இடம்பெயர்ந்தோரை உள்வாங்கி நெருங்கின. 1906இல் பெயர் மட்டும் ஜார்ஜ் டவுன் ஆயிற்று. கடற்கரைக் கோடு தனிக்கதை: ஒருகாலத்தில் கரையோரமாகவே ஓடிய ராஜாஜி சாலைக்குக் கிழக்கே இன்று துறைமுகம்.

வரைபடம் தெருவரைதான் வரும். வீட்டுக்குள் நுழையப் பத்திரங்கள் வேண்டும். கிழக்கே இன்னார் மனை, தெற்கே இன்ன சந்து என்று அவற்றில் எழுதிய நான்கெல்லைகளை அடுத்தடுத்துக் கோத்தால் தெருவே மனை மனையாக எழுந்துவிடும். இம்மலரைப் படிக்கும் பழைய குடும்பத்தாரும் கோயில் அறங்காவலர்களும் பரணில் கிடக்கும் பத்திரங்களைக் கரையானுக்கு விடாமல், படமெடுக்க ஒருமுறை வெளியே எடுத்துத் தர வேண்டும்.