காயத்தைப் படமெடுப்பவர்கள்: மருத்துவப் புகைப்படக் கலைஞரின் பணி

பிரித்தானியாவின் பெரிய வைத்தியசாலைகள் பலவற்றில் மருத்துவப் புகைப்படத்துக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. எக்ஸ்ரேயும் ஸ்கேனும் எடுக்கும் பிரிவு வேறு. இங்கே இருப்பவர்கள் நோயாளரின் தோலை, தீக்காயத்தை, சத்திரசிகிச்சைக்கு முன்னும் பின்னுமான முகத்தை, கண்ணின் உட்புறத்தைக் கமராவில் பதிவு செய்கிறார்கள். வைத்தியர் எழுத்துமூலம் கேட்டால் நோயாளர் அங்கே அனுப்பப்படுவார். எடுத்த படம் அவருடைய மருத்துவப் பதிவேட்டில் சேரும்.

ஊடகக் கற்கைகள் படித்து, செய்திக்காகப் படமெடுத்துவரும் எனக்கு இந்தத் தொழிலில் ஆர்வம் ஏற்பட்டதற்குக் காரணம் உண்டு. நாங்கள் கற்றவற்றுக்கு நேரெதிராக அது இயங்குகிறது. கோணத்தைத் தேடு, உணர்ச்சி வெளிப்படும் கணத்துக்காகக் காத்திரு என்று எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். மருத்துவப் படத்திலோ உணர்ச்சிக்கு இடமில்லை. இன்று எடுத்த படத்தையும் ஆறு மாதம் கழித்து எடுக்கும் படத்தையும் அருகருகே வைத்தால், மாறியிருப்பது காயம் மட்டுமாக இருக்கவேண்டும். ஆகவே தூரம், ஒளி, பின்னணி, உடலின் நிலை எல்லாம் ஒவ்வொரு முறையும் ஒன்றாகவே இருக்கவேண்டும். அளவு தெரிய காயத்தின் அருகே அளவுகோல் வைப்பார்கள். நிறம் பிசகாதிருக்க நிற அட்டையைப் பயன்படுத்துவார்கள். தழும்பை மறைக்கவோ அழகுபடுத்தவோ கூடாது.

நிறம் சிறிய விடயமல்ல. வெள்ளைத் தோலில் சிவப்பாகத் தெரியும் அழற்சி, எங்களைப் போன்றவர்களின் தோலில் கருமையாகவோ ஊதாவாகவோ தோன்றலாம். மருத்துவ நூல்களின் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலையே காட்டுகின்றன என்பதைக் கண்ட இலண்டன் மருத்துவ மாணவர் மலோன் முக்வெண்டே, 2020 இல் தனது விரிவுரையாளர்களுடன் சேர்ந்து கருந்தோலில் நோய் அறிகுறிகளைக் காட்டும் கைநூலொன்றை வெளியிட்டார்.

கண்ணைப் படமெடுப்பது தனியான திறமை. மருந்துத் துளிகளால் கண்மணி விரிக்கப்படும். விழித்திரையின் இரத்தக் குழாய்களைப் பார்க்கவேண்டுமானால் புளோரசீன் என்ற சாயம் கையின் நாளத்தில் ஏற்றப்படும். ஏறத்தாழ 10 முதல் 15 செக்கன்களில் அது கண்ணை அடையும். அந்த ஓட்டத்தைத் தவறவிடாமல் தொடர்ச்சியாகப் படமெடுக்கவேண்டும். சிலருக்குக் குமட்டல் வரும். தோல் சில மணிநேரம் மஞ்சளாகும். இதை முன்கூட்டியே சொல்லிப் பயத்தைப் போக்குவதும் பணியின் ஒரு பகுதியே.

எல்லாவற்றிலும் கடினமானவை வேறு. வன்முறைக்கு உள்ளான குழந்தையின் காயங்களைப் பதிவு செய்யவேண்டும். அந்தப் படம் பின்னர் நீதிமன்றத்தில் சான்றாகலாம். இறந்து பிறந்த சிசுவைப் பெற்றோரின் நினைவுக்காகப் படமெடுத்துக் கொடுப்பதையும் பிரித்தானியாவில் பல பிரிவுகள் செய்கின்றன. சில குடும்பங்களுக்கு அந்தப் பிள்ளை இருந்ததற்கான ஒரே படம் அதுதான்.

இந்தத் தொழிலின் தொடக்கம் பெருமைப்படத்தக்கதாக மட்டும் இருக்கவில்லை. 1850களில் இங்கிலாந்தின் சரே மாவட்ட மனநோயாளர் காப்பகத்தில் ஹியூ வெல்ச் டயமண்ட் என்ற வைத்தியர் பெண் நோயாளர்களைப் படமெடுத்தார். முகத்தைப் பார்த்து நோயைப் படிக்கலாம் என்று நம்பிய அவர், 1856 இல் அதுபற்றி ரோயல் சொசைட்டியில் கட்டுரை சமர்ப்பித்தார். பாரிஸ் சல்பேத்ரியேர் வைத்தியசாலையில் 1880களில் பணியாற்றிய அல்பேர்ட் லோண்ட், நோயாளரின் அசைவுகளைப் பதிவு செய்யப் பல வில்லைகள் கொண்ட கமராவை அமைத்தார். படம்பிடிக்கப்பட்டவர்களின் சம்மதம், இன்று நாம் புரிந்துகொள்ளும் பொருளில், அன்று ஒரு கேள்வியாகவே இருக்கவில்லை. முதலாம் உலகப்போரின்போது, 1917 இல் சிட்கப்பில் திறக்கப்பட்ட வைத்தியசாலையில் ஹரோல்ட் கில்லிஸ் முகம் சிதைந்த படையினருக்குச் சத்திரசிகிச்சை செய்தார். அங்கே எடுக்கப்பட்ட படங்கள் ஒவ்வொரு கட்டத்தையும் ஒப்பிட உதவின. பிளாஸ்டிக் சத்திரசிகிச்சையின் வளர்ச்சியில் அவற்றுக்குப் பங்குண்டு.

பயன் உண்மை, பறிக்கப்பட்ட உரிமையும் உண்மை. இன்றைய விதிகள் இந்த இரண்டிலிருந்தும் பிறந்தவை. பிரித்தானிய மருத்துவப் பேரவையின் 2011ஆம் ஆண்டு வழிகாட்டல், சிகிச்சைக்காக எடுத்த படத்தைப் பகிரங்கமாக வெளியிடுவதற்குத் தனியான சம்மதம் கேட்கிறது. கண்களின் மேல் கறுப்புப் பட்டை போட்டால் ஆளைத் தெரியாது என்ற பழைய நம்பிக்கையும் போய்விட்டது. அது போதுமான பாதுகாப்பல்ல என்று மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழுவே சொல்கிறது.

இனி எங்கள் பக்கம் வருவோம். வைத்தியசாலை விடுதியில் ஒருவர் கையடக்கத் தொலைபேசியை எடுத்துக் காயத்தைப் படமெடுப்பதை எங்களில் பலர் பார்த்திருக்கிறோம். நோக்கம் நல்லதாக இருக்கலாம். தூரத்திலுள்ள விசேட வைத்தியரின் ஆலோசனையை உடனே பெற அது உதவும். ஆனால் தொலைபேசி நிறத்தைத் தானாகவே மாற்றும். மிக அருகில் எடுத்தால் முகத்தின் வடிவமே பிசகும். வட்ஸ்அப் படத்தைச் சுருக்கும். அத்தோடு, எடுத்தவரின் குடும்பப் படங்களோடு சேர்ந்து அது இணையச் சேமிப்புக்கும் போய்விடலாம். பயிற்சி பெற்ற கலைஞர் இருக்கும் இடத்தில் படத்துக்கு ஒரு பொறுப்பாளி இருக்கிறார். எல்லோரும் எடுக்கும் இடத்தில் எவருமே பொறுப்பாளியல்ல.

இதில் ஊடகத்துக்கும் பங்குண்டு. போர்க்காலத்திலும், 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின்னரும் காயப்பட்டவர்களின் படங்கள் எப்படிக் கைமாறின என்பதை நாம் அறிவோம். அவர்களில் எத்தனை பேரிடம் அனுமதி கேட்கப்பட்டது?

இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நலம் பற்றிய தரவுகளை விசேட வகைக்குள் வைத்திருக்கிறது. காயத்தின் படமும் அத்தகைய தரவே. ஆனால், சட்டம் புத்தகத்தில் இருப்பது மட்டும் போதாது. படுக்கையில் கிடப்பவருக்கும் கேட்கத் தெரியவேண்டும். உங்களையோ உங்கள் உறவினரையோ யாராவது படமெடுக்க முனைந்தால் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். எதற்காக எடுக்கிறீர்கள்? யார் பார்ப்பார்கள்? எங்கே வைத்திருப்பீர்கள்? நான் வேண்டாம் என்றால் எனது சிகிச்சை பாதிக்கப்படுமா? கடைசிக் கேள்விக்கு ‘இல்லை’ என்பதைத் தவிர வேறு பதில் இருக்கக்கூடாது.