பரவளையத்தின் வரலாறும் பாடநூலின் மறதியும்

கணிதத்துக்கு வரலாறு கிடையாது என்பதுதான் நம் பள்ளிக்கூடங்கள் சொல்லாமல் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம். பத்தாம் வகுப்பில் ‘ஒய் சமம் எக்ஸ் ஸ்கொயர்’ என்று எழுதி, அட்டவணை போட்டு, புள்ளி வைத்து, வளைகோடு இழுக்கிறார்கள். பேர் பரவளையம். ‘கிராஃபு ஷூர் மார்க்குடா, விட்றாதே’ என்பதற்கு மேல் அதைப் பற்றிப் பேச்சில்லை. அது யார் கையில், எதற்காக உருவானது என்ற கேள்விக்குப் பாடநூல் என்கிற பிரதியில் இடமில்லை. இந்த மௌனம் தற்செயலானதல்ல என்றே கருதுகிறேன்.

இருபடிச் சமன்பாடும் பரவளையமும் ஒரே வயிற்றில் பிறந்தவையல்ல. கி.பி. 820 வாக்கில் பாக்தாத்தில் அல் குவாரிஸ்மி போட்ட கணக்கு இது: ஒரு சதுரத்தோடு அதன் பக்கத்தின் பத்து மடங்கைச் சேர்த்தால் 39, பக்கம் எவ்வளவு? அவர் சதுரத்தின் இரு பக்கங்களில் ஐந்து அகலப் பட்டைகளை ஒட்டினார். மூலையில் விடுபட்ட 25ஐ நிரப்பினார். பெரிய சதுரம் 64, அதன் பக்கம் 8. ஐந்தைக் கழித்தால் 3. அதே நூலின் பெரும்பகுதி சொத்துப் பங்கீட்டுக் கணக்குகள். வளைகோடோ கிரேக்கர்கள் கூம்பை வெட்டிக் கண்டது. 1637இல் தெகார்த்தின் வடிவியல் நூல் வந்த பிறகே சமன்பாடும் வளைகோடும் ஒன்றையொன்று பேசத் தொடங்கின.

இடையில் பீரங்கி வந்துவிட்டது. 1512இல் பிரெஞ்சுப் படை பிரெஷ்யா நகரைச் சூறையாடியபோது வாளால் முகம் வெட்டுப்பட்டு, திக்குவாயனானதால் ‘தார்த்தாலியா’ என்று பெயர்பெற்ற சிறுவன்தான், 1537இல் பீரங்கிக் குண்டின் பாதையைக் கணிதமாக்கி நூல் வெளியிட்டான். கொலைக்கலையைச் செம்மைப்படுத்துவது பாவம் என்று எழுதியதையெல்லாம் அழித்ததாகவும், துருக்கியப் படை நெருங்கியதால் மனம் மாறியதாகவும் முன்னுரையில் அவனே சொல்கிறான். காயம்பட்டவனின் அறிவையும் அதிகாரம் இப்படித்தான் தன்வயப்படுத்துகிறது. பிறகு கலிலியோ. 1608 வாக்கில் பாதுவாவில், சாய்தளத்தில் உருட்டிய குண்டு மேசையைவிட்டு எவ்வளவு தூரத்தில் விழுகிறது என்று அவர் அளந்து குறித்த தாள் இன்றும் இருக்கிறது. எறிபொருளின் பாதை பரவளையம் என்ற நிரூபணம் 1638இல் அச்சானபோது, கூடவே எந்தக் கோணத்துக்கு எவ்வளவு தூரம் என்ற அட்டவணைகளும் வந்தன.

பாடநூல் செய்வது என்ன? குண்டை எடுத்துவிட்டுப் பந்தை வைக்கிறது. கூடவே கண்டுபிடிப்பையும் எடுத்துவிடுகிறது. இதுதான் பெரிய இழப்பு.

மாணவர் போடும் அட்டவணையைப் பாருங்கள்: 0, 1, 4, 9, 16. அடுத்தடுத்த வித்தியாசம் 1, 3, 5, 7. விழும் பொருள் சமமான நேரங்களில் கடக்கும் தூரங்கள் இந்த ஒற்றைப்படை எண்களின் விகிதத்தில் இருக்கும் என்பது கலிலியோவின் கண்டுபிடிப்பு. பக்கவாட்டில் சீராக நகர்ந்தபடியே இப்படி விழுந்தால் வருவது பரவளையம். வித்தியாசங்களும் இரண்டிரண்டாகவே ஏறுகின்றன; எந்த இருபடிச் சார்பிலும் இந்த ஏற்றம் மாறிலிதான். ஒவ்வொரு தேர்வுத்தாளிலும் இது எழுதப்படுகிறது. யாரும் பார்க்கச் சொல்வதில்லை.

சூத்திரத்தை ஒரு வாரம் தள்ளிப்போடலாம் என்பது என் யோசனை. சதுரத்தைத் தாளில் வெட்டி ஒட்டட்டும். வித்தியாசங்களைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். பிறகு தார்த்தாலியாவின் கதையைச் சொல்லலாம். ‘இதெல்லாம் எதுக்கு சார்?’ என்று பின்பெஞ்சிலிருந்து வரும் கேள்வியை ஒழுங்கீனம் என்று அடக்குகிறோம். உண்மையில் அது வரலாற்றைக் கேட்கும் கேள்வி. வீட்டில் முதன்முதலாகப் பத்தாம் வகுப்புக்கு வந்த பிள்ளைக்கு அதைக் கேட்கும் உரிமை யாரையும்விட அதிகம்.