எஞ்சினா, கிளட்சா? தென்பாண்டிப் பேருந்து முதல் பந்தயக் கார் வரை

மோட்டார் வண்டியில் இழுவை குறைந்தால் முதலில் பிரித்தறிய வேண்டியது ஒன்றுதான்: எஞ்சின் சக்தி தரவில்லையா, தந்த சக்தி கிளட்சில் நழுவுகிறதா? தென் தமிழகத்தில் இந்த ஆராய்ச்சியைத் தொழிலாக வளர்த்தவை பேருந்துக் கம்பெனிகளின் ஒர்க்‌ஷாப்புகள். அவற்றுள் பெரிதான டி.வி.எஸ். நிறுவனத்தை 1911இல் தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்கார், 1877இல் திருநெல்வேலிச் சீமையின் திருக்குறுங்குடியில் பிறந்தவர். 1912இல் மதுரையில் அவர் பேருந்து விட்டார். வண்டி நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டுமானால், பழுது வழியில் தெரிவதற்கு முன்பே டெப்போவில் தெரிந்தாக வேண்டும்.

அக்கால மெக்கானிக்குக் கண்ணும் காதும் மூக்குமே முதல் கருவிகள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. கரும்புகை வந்தால் எரிபொருள் மிகுந்துவிட்டது. சூடான எஞ்சினிலும் வெண்புகை ஓயாவிட்டால் சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்குகிறது. பெட்ரோல் எஞ்சினில் ஒவ்வொரு பிளக் வயராகக் கழற்றுவார்கள். நல்ல சிலிண்டரின் வயரைக் கழற்றினால் எஞ்சின் தடுமாறும். எதைக் கழற்றும்போது ஓட்டத்தில் மாற்றமில்லையோ, அந்தச் சிலிண்டரில்தான் குறை. ஸ்குரூ டிரைவரின் முனையை எஞ்சினிலும் பிடியைக் காதிலும் வைத்து, தட்டும் ஓசை எங்கிருந்து வருகிறதென்று கண்டார்கள்.

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தது. பெட்ரோலுக்குப் பதிலாகக் கரியிலிருந்து வாயு எடுக்கும் கரிவாயுக் கலத்தைச் சுந்தரம் ஐயங்கார் வடிவமைத்துத் தயாரித்தார். கரிவாயுவில் எஞ்சினின் சக்தி இயல்பாகவே குறையும். சாம்பலும் தாரும் வடிகட்டியை அடைக்கும். எனவே எரிபொருளின் இயல்பான குறை எது, எஞ்சினின் பழுது எது என்று பிரிக்கும் புதிய வேலை மெக்கானிக்குக்குச் சேர்ந்தது.

1970களில் பல பேருந்துகள் அரசுடைமையாயின. திருநெல்வேலியில் கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம் அமைந்தது. தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் ஓடும் பேருந்துகளின் கிளட்சுக்குக் கடுமையான சோதனை, மணிமுத்தாற்றிலிருந்து மாஞ்சோலை ஏறும் மலைப்பாதை. வளைவுகளில் பாதி கிளட்சில் வண்டியை நிறுத்திப் பிடித்தால் டிஸ்க் கருகி வாடை வரும். எஞ்சின் வேகமெடுத்தும் வண்டி வேகமெடுக்காவிட்டால் கிளட்ச் நழுவுகிறது. கை பிரேக்கைப் போட்டு, மேல் கியரில் கிளட்சை மெல்ல விட்டால் எஞ்சின் அணைய வேண்டும். அணையாமல் ஓடினால் சந்தேகம் தீர்ந்தது. மாறாக, பெடலை முழுதும் மிதித்தும் கியர் உரசினால் கிளட்ச் விடுபடவில்லை என்று பொருள்.

அதிவேகக் கார்களில் இதே அறிவு கூர்மையடைந்தது. 1953இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், போர்க்கால விமானத் தளமான சோழவரத்தில் பந்தயங்களை நடத்தியது. 1990இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் திறந்தது. கோவையின் கரிவரதன், மாருதி 800 காரின் 796 சி.சி. எஞ்சினைக் கொண்டு ஃபார்முலா மாருதி பந்தயக் காரை உருவாக்கினார். அந்தப் பந்தயத்தில் எல்லாருக்கும் ஒரே வகை எஞ்சின் என்பதால், டியூனிங்கும் பழுதை விரைந்து காணும் திறனும் வெற்றியைத் தீர்மானிப்பவையாயின.

பந்தய எஞ்சினைச் சோதிக்க, முழு வேகத்திலேயே இக்னிஷனை அணைத்து, கிளட்சை மிதித்து, வண்டியை உருளவிட்டு நிறுத்திப் பிளக்கைக் கழற்றுவது பழைய முறை. வெளிர் பழுப்பு நிறம் சரியான கலவை. கரி படிந்தால் பெட்ரோல் மிகை. வெளுத்துக் கொப்பளித்தால் பெட்ரோல் குறைவு, பிஸ்டனுக்கே ஆபத்து. சக்தியைக் கூட்டிய எஞ்சினுக்குப் பழைய கிளட்ச் தாங்காது. பிரஷர் பிளேட் நீலம் பாய்ந்திருந்தால் அது அளவுமீறிச் சூடேறியதற்குச் சான்று. டிஸ்க்கில் எண்ணெய்ப் பசை இருந்தால் குற்றம் கிளட்சினுடையதன்று. எஞ்சினின் பின்பக்க ஆயில் சீலோ கியர் பாக்ஸின் முன்பக்க சீலோ கசிகிறது. கசியும் சீலை மாற்றாமல் டிஸ்க்கை மட்டும் மாற்றினால் பழுது திரும்ப வரும்.

2000ஆம் ஆண்டையொட்டி மாசு விதிகள் இறுகவே, கார்களில் கார்புரேட்டர் போய் எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் வந்தது. இன்று ஸ்கேனர் சென்சார் பழுதுகளையும் எந்தச் சிலிண்டர் எரியவில்லை என்பதையும் குறியெண்ணாகச் சொல்கிறது. கிளட்ச் டிஸ்க்கின் தேய்மானத்தைச் சாதாரணக் காரில் எந்தச் சென்சாரும் அளப்பதில்லை. ஆனால் எஞ்சின் சுழற்சியையும் வண்டி வேகத்தையும் ஸ்கேனரில் சேர்த்துப் பார்த்தால் நழுவல் எண்ணாகத் தெரிந்துவிடும். அதன்பின் கியர் பாக்ஸை இறக்கி டிஸ்க்கின் கனத்தை அளப்பதே முடிவான சான்று.