சம்பளப் பாக்கி

1945 செப்டம்பர் 3. பிரிட்டிஷ் கடற்படை வீரர்கள் பினாங்கில் இறங்கினார்கள். பின்னாலேயே ராணுவ நிர்வாகம் வந்தது. ஜப்பான் நோட்டு இனிமேல் செல்லாது என்றது. பத்து வெள்ளித் தாளில் வாழைமரம் போட்டிருக்குமே, அதுதான். கடைசிக் காலத்தில் அச்சடித்ததில் வரிசை எண்கூடக் கிடையாது. எத்தனை அடித்தோம் என்ற கணக்கே வேண்டாம்னு விட்டுட்டாங்க போல.

பினாங்கு ஸ்ட்ரீட்டில் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. போருக்கு முன்னால் நல்ல வெள்ளியில் வாங்கிய கடனை, ஆக்கிரமிப்புக் காலத்தில் இந்தத் தாளில் அடைத்தவர்கள் உண்டு. அந்தக் கடன் தீர்ந்ததா இல்லையா? இதற்கென்றே 1948இல் ஒரு சட்டம் வந்தது. மாதம் ஏற ஏற ஜப்பான் நோட்டின் மதிப்பு எவ்வளவு இறங்கியது என்று பட்டியல் போட்டு, அதை வைத்துப் பழைய கடன்களைத் தீர்த்தார்கள். ஆக, வட்டிக்கடைக் கணக்கைப் பார்க்க அரசாங்கத்துக்கு நேரம் இருந்தது.

சிப்பாய் கணக்கு வேறு மாதிரி. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தபோது சிறைப்பட்ட இந்தியச் சிப்பாய்களில் ஒரு பகுதி இந்திய தேசிய ராணுவத்துக்குப் போனது. போர் முடிந்ததும் பிரிட்டிஷார் அவர்களை வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று மூன்றாகப் பிரித்தார்கள். செங்கோட்டை விசாரணையில் ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் மூவருக்கும் ஆயுள் தண்டனை, பதவி நீக்கம், சம்பளப் பாக்கி பறிமுதல். 1946 ஜனவரியில் தளபதி ஆக்கின்லெக் ஆயுள் தண்டனையை ரத்து செய்தார். மற்ற இரண்டையும் விடவில்லை.

நான் திரும்பத் திரும்ப நிற்பது இந்த இடத்தில்தான். ஊரே கொதித்துக்கொண்டிருந்தது, அதனால் ஆளை விட்டுட்டாங்க. காசை ஏன் விடவில்லை? தொகைக்காக இருக்காது. சம்பளம் கொடுத்தால் அந்த வருஷங்களும் சேவையில் சேர்ந்துவிடும். நீ எங்கள் சிப்பாயாக இல்லை என்று சொல்ல அதைவிடத் தெளிவான வழி ராணுவத்திடம் இல்லை. 1972இல் இந்தியா கொண்டுவந்த தியாகிகள் பென்ஷன் திட்டம் இ.தே.ரா.க்காரர்களையும் சேர்த்துக்கொண்டது. அதாவது பாக்கி ஒருத்தர், கட்டியது வேறொருத்தர்.

ஆனால் பிடித்துவைக்கக்கூட பாக்கி இல்லாதவர்கள் நம்ம பக்கத்து ஆட்கள். பினாங்கு வழக்கறிஞர் என். ராகவன் நடத்திய சுவராஜ் பயிற்சி நிலையத்துக்குப் போன இளைஞர்கள், தோட்டத்திலிருந்து நேராகச் சேர்ந்த தமிழர்கள். இவர்கள் பெயர் எந்தப் பிரிட்டிஷ் சம்பளப் புத்தகத்திலும் ஏறியதே இல்லை. கையில் மிஞ்சியது வாழைமரத் தாள்.

இன்னொரு கூட்டம் துப்பாக்கியையே தொடவில்லை. ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி கூலி என்று ஆசை காட்டி சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோனவர்கள். அந்தப் பாதைக்குப் போருக்கப்புறம் விலை போட்டார்கள்: தாய்லாந்து அதை 12.5 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. அங்கே வேலை செய்த பிரிட்டிஷ் போர்க்கைதிகளுக்கு, 1951 சான் பிரான்சிஸ்கோ ஒப்பந்தத்தின்படி, ஆளுக்கு 76 பவுண்டு 10 ஷில்லிங் வந்தது. கைதிகளுக்கு அது ரொம்பக் கம்மி. அவர்களும் கடைசிவரை சண்டை போட்டார்கள். மலேசியாவுக்கும் ஜப்பானுக்கும் 1967இல்தான் உடன்பாடு: 2.5 கோடி வெள்ளி. அது ஆட்களுக்கு வரவில்லை. இரண்டு சரக்குக் கப்பல்களாக வந்தது.