பன்விலயின் உச்சி ஞாயிறும் சித்திரைத் திங்களும்

கண்டி மாநகர்க்கு வடகிழக்கே, நக்கிள்ஸ் மலைத்தொடரின் சாரலில், தேயிலைத் தோட்டங்கள் சூழ விளங்கும் ஊர் பன்வில. ஆண்டில் இரு நாள், நண்பகலில், இவ்வூரில் நட்ட கோலின் நிழல் அடியோடு மறையும். புவியின் அச்சு ஏறக்குறைய 23½ பாகை சாய்ந்திருத்தலின், ஞாயிறு உச்சியில் நிற்கும் இடம் கடகக் கோட்டுக்கும் மகரக் கோட்டுக்கும் இடையே ஆண்டுதோறும் சென்று மீள்கின்றது. பன்வில ஏறக்குறைய 7⅓ பாகை வட அகலக்கோட்டில் உள்ளது. ஆதலின் ஞாயிறு வடக்கே செல்லுங்கால் ஏப்பிரல் 8ஐ ஒட்டியும், தெற்கே மீளுங்கால் செப்டெம்பர் 4ஐ ஒட்டியும் இவ்வூரின் உச்சிக்கு வரும். இடைப்பட்ட ஐந்து திங்களும் நண்பகல் நிழல் தெற்கே விழும். ஏனைய காலத்து வடக்கே விழும்.

இத்தகைய நிழலைத் தமிழர் பண்டே அளந்தறிந்தனர். அரண்மனை வகுப்பதற்குக் கோல் நட்டு நண்பகல் நிழலால் திசை குறித்த செய்தி நெடுநல்வாடையில் உளது. அதற்குரிய காலம் சித்திரைத் திங்களின் நடுப் பத்து நாள் என்பது பதினான்காம் நூற்றாண்டினராகிய மதுரை நச்சினார்க்கினியர் உரை. இன்றைய பஞ்சாங்கப்படி அப்பத்து நாள் ஏப்பிரல் 24 அளவில் தொடங்கும். மதுரையில் ஞாயிறு உச்சிக்கு வருவதோ ஏப்பிரல் 16ஐ ஒட்டியாகும். அங்ஙனமாயின் உரையாசிரியர் பிழைபட உரைத்தாரோ?

அன்று. நம் பஞ்சாங்கம் விண்மீன்களை எல்லையாகக் கொண்டு ஆண்டைக் கணிப்பது. அவ்வாண்டு பருவங்களுக்குரிய ஆண்டினும் ஏறத்தாழ 20 நிமிடம் நீண்டது. அதனால் 72 ஆண்டுக்கு ஒரு நாளாகச் சித்திரை பின்னிடுகின்றது. அவர் காலந்தொட்டு இன்றுவரை பின்னிட்டது ஏறக்குறைய ஒன்பது நாள். அதனைக் கழித்துக் காணின், அவர் குறித்த நாட்கள் ஏப்பிரல் 15 அளவில் தொடங்கும். மதுரையின் நிழலற்ற நாளும் அவற்றுள் அடங்கும்.

பன்விலக்கும் இக்கணக்கு ஒக்கும். அக்காலத்தில் இங்குப் புத்தாண்டு பிறந்த பின்னரே ஞாயிறு உச்சிக்கு வந்தது. இன்றோ, சிங்களவரும் தமிழரும் ஒருங்கே கொண்டாடும் புத்தாண்டுக்கு முன்னரே, பங்குனியின் இறுதியில், அது உச்சியைக் கடந்துவிடுகின்றது.

இந்திய அரசு 1952இல் மேகநாத சாகாவின் தலைமையில் நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவை அமைத்தது. பருவ ஆண்டைத் தழுவிய தேசிய நாட்காட்டி 1957இல் நடைமுறைக்கு வந்தது. எனினும் விழாக்களுக்குரிய பஞ்சாங்கம் பண்டைய நெறியிலேயே நிற்கின்றது. நிற்பினும் இழுக்கில்லை, அதனை அளவுகோலாகக் கொண்டு பண்டை நூல்களைப் பிழையென்று துணிவதே இழுக்கு. நூலின் நாளை அந்நூல் எழுந்த காலத்து வானத்தோடு வைத்து ஆராய்தலே வரலாறு கற்பார்க்குக் கடன்.