ஆஸ்பிரின் ரயில்

1971 மே 22, சனிக்கிழமை. அயர்லாந்துத் தலைநகர் டப்ளினில் உள்ள கானலி ரயில் நிலையம். பெல்ஃபாஸ்ட் போய்த் திரும்பிய ரயிலிலிருந்து 40-க்கும் மேற்பட்ட பெண்கள் இறங்குகிறார்கள். எதிரே சுங்க அதிகாரிகள். சில பெண்கள் மாத்திரைகளை எடுத்து, அதிகாரிகள் கண்முன்னாலேயே வாயில் போட்டு விழுங்குகிறார்கள். கருத்தடை மாத்திரையாம். முடிஞ்சா பிடிச்சுக்கோங்க என்கிற தோரணை.

உண்மையில் அவர்கள் விழுங்கியது ஆஸ்பிரின். சாதாரணத் தலைவலி மாத்திரை.

பெண்கள் இயக்க வரலாற்றில் இதற்குக் 'கருத்தடை ரயில்' என்று பெயர். சட்டத்தை மீறிய துணிச்சலுக்காகத்தான் இது நினைவுகூரப்படுகிறது. எனக்கு உறுத்தியது அந்த ஆஸ்பிரின். மாத்திரை சட்டப்படி கிடைக்கிற ஊருக்கே போனவர்கள் ஏன் போலி மாத்திரையோடு திரும்பினார்கள்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனதில் சேர்ந்த குறிப்புகள்தான் இவை.

முதலில் சட்டம். அயர்லாந்தில் 1929-ல் வந்த தணிக்கைச் சட்டம், கருத்தடையை ஆதரித்து எழுதும் நூல்களையும் இதழ்களையும் தடை செய்தது. 1935-ல் வந்த குற்றவியல் திருத்தச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, கருத்தடைப் பொருட்களை விற்பதையும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதையும் குற்றமாக்கியது. கவனிங்க, பயன்படுத்துவது குற்றமில்லை. வாங்குவதற்குத்தான் வழி கிடையாது!

1960-களில் மாத்திரை வந்தது. இங்கேதான் வேடிக்கை. அயர்லாந்தில் அதை யாரும் தடை செய்யவில்லை. ஏனென்றால் அது கருத்தடை மாத்திரையாக உள்ளே வரவில்லை. மாதவிடாயை ஒழுங்குபடுத்தும் மருந்து என்ற பெயரில் வந்தது. அதே மாத்திரை, அதே வேலை, பெயர் மட்டும் வேறு. டாக்டர் சீட்டில் 'மாதவிடாய் ஒழுங்கின்மை' என்று எழுதினால் மருந்துக்கடைக்காரர் கொடுத்துவிடுவார். எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய் திறப்பதில்லை.

கேட்க நல்ல ஏற்பாடு மாதிரி தெரியும். ஆனால் யோசித்துப் பாருங்க. நகரத்தில், கையில் காசும் கண்டும் காணாமல் விடுகிற டாக்டரும் இருக்கிற பெண்ணுக்கு அது சரி. ஊரில் இருப்பது ஒரே டாக்டர், அவர் தீவிர கத்தோலிக்கர் என்றால்? கல்யாணம் ஆகாத பெண் என்றால்? 1968-ல் போப் ஆறாம் பால் வெளியிட்ட சுற்றுமடல், செயற்கைக் கருத்தடை கூடாது என்று திட்டவட்டமாகச் சொன்ன பிறகு, டாக்டரின் மனசாட்சியும் நோயாளியின் வயிற்றுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. தன் உடம்பில் இல்லாத ஒரு கோளாறை இருப்பதாகச் சொல்லி, இன்னொருவர் தயவில் மருந்து வாங்க வேண்டும். அந்தரங்கம் என்பதே அதில் இல்லை.

இந்தப் பின்னணியில்தான் அயர்லாந்துப் பெண்கள் விடுதலை இயக்கத்தினர் ரயில் ஏறினார்கள். பெல்ஃபாஸ்ட் வட அயர்லாந்தில் இருக்கிறது, அதாவது பிரிட்டனின் ஆட்சிக்குள். அங்கே 1935 சட்டம் செல்லாது. போய் மருந்துக்கடைகளில் ஆணுறையும், விந்தணுவைக் கொல்லும் ஜெல்லியும் வாங்கினார்கள். அந்தக் கூட்டத்தில் இருந்த பத்திரிகையாளர் நெல் மெக்காஃபர்ட்டிக்கு மாத்திரை வேண்டும். கடைக்காரர் கேட்டார்: டாக்டர் சீட்டு எங்கே?

சீட்டு இல்லை. சரி, லூப் கொடுங்க. அதையும் டாக்டர்தான் பொருத்த வேண்டும் என்று பதில் வந்தது.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்திருக்கிறது. நூற்றுக்கணக்கில் ஆஸ்பிரின் பாக்கெட் வாங்கி எல்லாருக்கும் கொடுத்துவிட்டார். சுங்க அதிகாரிக்கு எந்த மாத்திரை எது என்று எப்படித் தெரியும்? தெரியவில்லை. கானலியில் அதிகாரிகள் ஒருவரையும் கைது செய்யவில்லை. வெளியே காத்திருந்த ஆதரவாளர்கள் 'உள்ளே விடு' என்று கோஷம் போட, பெண்கள் நடந்து வெளியே வந்தார்கள்.

எல்லையையும் சுங்கத்தையும் கூட்டமாகப் போய் ஏமாற்ற முடிந்தது. 36 வருஷச் சட்டத்தை ஒரே சாயங்காலத்தில் கேலிப்பொருளாக்க முடிந்தது. ஆனால் ஒரு துண்டுச் சீட்டைத் தாண்ட முடியவில்லை. தடைச் சட்டமே இல்லாத ஊரிலும் அந்தச் சீட்டு அப்படியே இருந்தது. ஆஸ்பிரின் எனக்குச் சொன்னது இதைத்தான்.

அதற்காக அந்தச் சீட்டு வெறும் அதிகாரத் திமிர் என்று சொல்லிவிட முடியாது. அடுத்த கதையைக் கேளுங்க.

மேரி மெக்கீ, ஒரு மீனவரின் மனைவி. நான்கு குழந்தைகள். கர்ப்ப காலங்களில் உடல்நிலை மிக மோசமானது. ஒருமுறை மூளை ரத்தக்குழாயில் அடைப்பே ஏற்பட்டது. இன்னொரு கர்ப்பம் உயிருக்கே ஆபத்து. மாத்திரையும் அவருக்கு ஆகாது, ஏனென்றால் ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை ரத்தம் உறையும் அபாயத்தைக் கூட்டும். அதைத் தெரிந்து சொன்னவர் ஒரு டாக்டர்தான். அதனால் கருப்பை வாயை மூடும் ரப்பர் சாதனமும் ஜெல்லியும் பயன்படுத்தச் சொன்னார். இங்கிலாந்திலிருந்து தபாலில் வரவழைத்த ஜெல்லியைச் சுங்கத்தார் பறிமுதல் செய்தார்கள். மெக்கீ வழக்குப் போட்டார். 1973 டிசம்பரில் அயர்லாந்து உச்ச நீதிமன்றம் 4-க்கு 1 என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. தம்பதியரின் அந்தரங்கத்தில் அரசு இப்படித் தலையிடக் கூடாது.

தம்பதியர். அந்த வார்த்தையைக் குறித்துக்கொள்ளுங்க. மற்றவர்களுக்கு அந்தரங்கம் இன்னும் வரவில்லை.

தீர்ப்புக்கு ஏற்ற சட்டம் வர 1979 ஆயிற்று. சுகாதார அமைச்சர் சார்ல்ஸ் ஹாஹே கொண்டுவந்த அந்தச் சட்டப்படி கருத்தடைப் பொருட்களை விற்கலாம், ஆனால் டாக்டர் சீட்டு வேண்டும். 'உண்மையான' குடும்பக் கட்டுப்பாட்டுக்குத்தான் கேட்கிறார்கள் என்று டாக்டர் திருப்திப்பட வேண்டும். மாத்திரைக்கு மட்டும் இல்லீங்க, ஆணுறைக்கும்! ஆணுறை போட என்ன மருத்துவப் பரிசோதனை வேண்டிக் கிடக்கு? ஐரிஷ் பிரச்சினைக்கு ஐரிஷ் தீர்வு என்று அமைச்சரே சொன்னார். அது இன்றுவரை கேலியாகச் சொல்லப்படுகிறது. 1985-ல்தான் 18 வயதானவர்கள் சீட்டு இல்லாமல் ஆணுறை வாங்க வழி பிறந்தது.

இந்த இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புரிகிறது. சீட்டு இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, இந்த மருந்து இந்த உடம்புக்கு ஆகுமா என்று பார்ப்பது. மெக்கீக்கு அது தேவைப்பட்டது. இன்னொன்று, இவருக்கு இதைக் கொடுக்கலாமா என்று தீர்மானிப்பது. முதலாவது மருத்துவம், இரண்டாவது அனுமதி. 1979 சட்டம் அனுமதியை மருத்துவத்தின் வெள்ளைக் கோட்டுக்குள் ஒளித்து வைத்தது. ஆணுறைக்கும் சீட்டு கேட்டபோதுதான் குட்டு வெளிப்பட்டது.

இரண்டையும் பிரிக்க முடியுமா? 2021 ஜூலையில் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, டெசோஜெஸ்ட்ரல் மட்டும் உள்ள மாத்திரைகளை டாக்டர் சீட்டு இல்லாமல் மருந்துக்கடையில் விற்க அனுமதித்தது. அதில் ஈஸ்ட்ரோஜன் இல்லை. அதனால் கலப்பு மாத்திரையில் உள்ள ரத்த உறைவு அபாயம் பெரும்பாலானவர்களுக்கு இதில் கவலைக்குரியதல்ல. மருந்தாளுநர் உடல்நிலை பற்றிச் சில கேள்விகள் கேட்பார், பொருத்தமென்றால் கொடுப்பார். 2023-ல் அமெரிக்காவும் ஈஸ்ட்ரோஜன் இல்லாத ஓபில் என்ற மாத்திரைக்கு இதே மாதிரி அனுமதி கொடுத்தது. 2024-ல் அது கடைகளுக்கு வந்தது. உடம்புக்கு ஆகுமா என்ற கேள்வி இருக்கிறது. ஏன் வேண்டும், கல்யாணம் ஆச்சா என்ற கேள்வி இல்லை.

நெல் மெக்காஃபர்ட்டி 2024 ஆகஸ்டில் காலமானார். மற்ற பெண்கள் யாருக்கும் தெரியாமல், வெட்கப்படாமல் வாங்க வேண்டும் என்பதற்காக அந்த 40-க்கும் மேற்பட்டவர்கள் கேமராக்களின் முன்னால் கூச்சல் போட்டு விழுங்க வேண்டியிருந்தது. பெல்ஃபாஸ்ட் கடைக்காரர் அவரிடம் சீட்டு கேட்டதற்கும், சீட்டே வேண்டாம் என்று பிரிட்டன் முடிவெடுத்ததற்கும் நடுவே சுமார் 50 வருஷம்.